இரண்டு வண்டிக்கு ஒரு பட்டை

சென்ற மாதம் நித்யா போன் செய்தாள். நான் வேலை பார்த்த விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இப்போது அவள்தான் ஒரு ஷிப்டின் தலைவி.

"குணா அக்கா, இங்க பேப்பர் பட்டையெல்லாம் எடுத்துட்டாங்க. இனிமே எல்லாம் ஸ்கிரீன்தான். புதுசா வந்த பிள்ளைங்க, முன்ன எப்படி சமாளிச்சீங்கன்னு கேக்குறாங்க. ஆண்டு மலருக்கு ஒன்னு எழுதிக் கொடுங்கலா. ரொம்ப பயமுறுத்தாம எழுதுங்க."

பயமுறுத்தாமல் எழுதினால் அது எங்கள் வேலையைப் பற்றிய கட்டுரையாக இருக்காது, சமையல் குறிப்பாகிவிடும் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். காகிதம் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்கிரீன் என் காலத்தில் இருந்திருந்தால், நான் கீழே சொல்லப்போகும் தவறைச் செய்ய விட்டிருக்காது. கத்தி ஊரைக் கூட்டியிருக்கும்.

இப்போது நான் மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய அரை ஏக்கரில் செவ்வந்தி பயிரிடுகிறேன். இன்று பள்ளி விடுமுறை. பக்கத்து டவுன் தானா ராத்தாவுக்குப் போய் மாத்திரை வாங்கித் திரும்ப மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கியா பார்ம் வரை கார்கள் அசையாமல் நிற்கின்றனவாம். ஸ்ட்ராபெரி வாங்க ஒருவர் நடு ரோட்டில் நிறுத்துகிறார், அவருக்குப் பின்னால் நாற்பது பேர் ஹார்ன் அடிக்கிறார்கள். அங்கே எங்கள் ஆள் ஒருவரை மைக்கோடு உட்கார வைத்தால் அரை மணியில் ரோடு காலியாகிவிடும். யாரும் கேட்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை.

நான் பிறந்ததும் இதே தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில்தான். அப்பா மாரிமுத்து கொழுந்து லோரி ஓட்டினார். அம்மா கொழுந்து பறித்தார். பள்ளியில் படிவம் ஆறு முடித்து, பத்திரிகை விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டு, தேர்வு, நேர்முகம், பயிற்சிக் கல்லூரி, சின்ன விமான நிலையங்களில் சில வருடங்கள் என்று சுற்றிவிட்டு இந்தப் பெரிய நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. தூக்கம் இல்லாத மனப்பாடம், அவ்வளவுதான்.

லயத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. "மாரிமுத்து மவ ஏரோப்ளேன் ஓட்டுறா" என்று பக்கத்து வீட்டு ராஜம்மா அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதைத் திருத்துவதாக நினைத்து, "ஓட்டல அண்ணி, ஓட்டுறவனுக்கு உத்தரவு போடுறா" என்பார். தலைக்கு மேலே எந்த விமானம் போனாலும் அதை நான் அனுப்பியதாகத்தான் அம்மாவுக்கு நினைப்பு.

அம்மா சொன்னதில் பாதி சரி. ஒரு விமானம் கிளம்பும் முன்பே கோபுரத்தில் அதன் பெயரில் ஒரு காகிதப் பட்டை அச்சாகி வரும். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். அதை பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி, எங்கள் முன்னால் இருக்கும் சாய்வுப் பலகையில் அடுக்குவோம். முதல் மேசைக்காரர், போகவேண்டிய வழியையும் உயரத்தையும் விமானிக்குச் சொல்வார். இரண்டாவது மேசை கிரவுண்ட். நிறுத்துமிடத்திலிருந்து ரன்வேயின் ஓரம் வரை விமானத்தை நடத்திக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. மூன்றாவது மேசை டவர். ரன்வே முழுக்க அந்த மேசைக்காரருக்குச் சொந்தம். அவர் சொல்லாமல் ஒரு நாய்கூட அதில் கால் வைக்கக் கூடாது. கிளம்பும் விமானத்துக்கு நீலப் பட்டை, வரும் விமானத்துக்கு மஞ்சள் பட்டை. ரன்வேக்குள் ஏதாவது வண்டி போனால் சிவப்புப் பட்டை. அந்தச் சிவப்புப் பட்டை பலகையில் இருக்கும்வரை எதையும் இறக்கவும் கூடாது, ஏற்றவும் கூடாது.

நான் சொல்லும் அந்த வருடத்தில் ஒரு ரன்வே பழுதுபார்ப்புக்காக மூடியிருந்தது. மீதியிருந்த ஒன்றிலேயே இறங்குவதும் ஏறுவதும். ரேடார் பார்க்கும் அப்ரோச் அறைக்காரர்கள், வரும் விமானங்களை ஆறு ஆறு மைல் இடைவெளியில் வரிசையாக்கி அனுப்புவார்கள். அந்த இடைவெளிக்குள் நாங்கள் ஒன்றைக் கிளப்பிவிட வேண்டும். இறங்கியது பக்கத்துப் பாதைக்குத் திரும்பும். ஓரத்தில் நிற்பதை உடனே உள்ளே ஏற்றி நிறுத்துவோம். முன்னது முழுக்க விலகியதைக் கண்ணால் பார்த்த பிறகே புறப்படச் சொல்வோம். அடுத்தது இரண்டு மைலில் வரும்போது இது தரையை விட்டிருக்க வேண்டும். கிளம்பியது பெரிய விமானம் என்றால் அதன் பின்னால் காற்று சுழன்றுகொண்டே கிடக்கும். சின்ன விமானம் உடனே அதில் நுழைந்தால் புரட்டிப் போட்டுவிடும். ஆகையால் இரண்டு நிமிடம், சில இடங்களில் மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். சின்ன விமானத்து விமானிகளுக்குத்தான் பொறுமையே கிடையாது. ரெடி, ரெடி என்று கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்பவர்களைப் போல அரிப்பார்கள். நல்ல நாளில் மணிக்கணக்காக இது பிசகாமல் ஓடும். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எனக்கு வேறு எதுவும் கிடைத்ததில்லை.

எங்கள் மேலாளர் ஞானம் சார், ஈப்போக்காரர். வேலை மேசையில் ஆங்கிலம், தேநீர் அறையில் தமிழ். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைக்குள் அடங்காத தொப்பை. நன்றாகச் செய்தாய் என்று அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சத்தம் போட்டும் கேட்டதில்லை. தன் ஹெட்செட்டை நம் மேசையில் செருகிக்கொண்டு, பின்னால் சத்தமில்லாமல் நிற்பார். நாம் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து, "எத்தன?" என்று ஒரே வார்த்தை கேட்பார். இந்த நிமிடம் உன் கையில் எத்தனை விமானம், எத்தனை வண்டி என்று அர்த்தம். பலகையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒரு மூச்சுக்கு மேல் தயங்கினால், "போய் தே குடிச்சிட்டு வாம்மா" என்பார். தேநீர் குடிக்க அனுப்பப்படுவதுதான் அங்கே பெரிய அவமானம். ஆரம்பத்தில் ஒரே வாரத்தில் நான்கு முறை குடித்திருக்கிறேன்.

அந்த மத்தியானம் சார் கீழே சாப்பிடப் போயிருந்தார். பெரிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. மழையால் தாமதமான விமானங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கிளம்பிப் போன ஒரு விமானி, ஏதோ பறவை அடித்த மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொன்னால் ரன்வேயைப் பார்த்தே ஆக வேண்டும். அடுத்து வருவதைக் கொஞ்சம் சுற்றிக் கொண்டுவரும்படி அப்ரோச்சிடம் சொல்லிவிட்டு, பரிசோதனை வண்டியை உள்ளே விட்டேன். சிவப்புப் பட்டையைப் பலகையில் வைத்தேன். அரை நிமிடத்தில் பறவை விரட்டும் வண்டி கூப்பிட்டது. அதன் டிரைவர் சேகரன். முகம் தெரியாது, குரல் தெரியும். கடைசிக் கோடியில் ஒரு பறவைக் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, நானும் உள்ளே போகட்டுமா என்று கேட்டார். போங்கள் என்றேன்.

அவருக்கு இன்னொரு சிவப்புப் பட்டை வைக்க வேண்டும். ஒரு கட்டு பட்டை கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்ரோச்சிலிருந்து, எப்போது திறப்பாய், எப்போது திறப்பாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஏற்கனவே வைத்திருந்த பட்டையின் மூலையில் பென்சிலால் சின்னதாக 2 என்று எழுதினேன். சோம்பல், வேறொன்றும் இல்லை.

பரிசோதனை வண்டிக்காரர், ரன்வே சுத்தம், நான் வெளியே வந்துவிட்டேன் என்றார். என் கை பட்டையை எடுத்துவிட்டது. பதினான்கு வருடப் பழக்கம், வெளியே வந்தேன் என்று காதில் விழுந்ததும் கை தானாகப் போகும். பலகையில் சிவப்பு இல்லை. நான்கு மைலில் இருந்த விமானத்துக்கு இறங்க அனுமதி கொடுத்தேன். கிளம்பக் காத்திருந்த நீலப் பட்டைகளின் பக்கம் திரும்பி, யாரை முதலில் அனுப்பலாம் என்று பார்த்தேன். பிறகு ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்துப் பாதையில் பரிசோதனை வண்டி நின்றது. தனியாக நின்றது.

பின்னால் யாரும் இல்லை. ஆனாலும் சாரின் குரல் என் தலைக்குள், "எத்தன?" என்றது.

மழை ஈரத்தில் ரன்வே வெள்ளையாகக் கண்ணைக் கூசச் செய்தது. கடைசிக் கோடியில் ஒரு மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. விமானம் வேலியைத் தாண்டிவிட்டது. "கோ அரவுண்ட்" என்றேன். இறங்காதே, மேலே போ என்று அர்த்தம். இரண்டு முறை சொன்னேன். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு இரைச்சலோடு சேகரனின் வண்டிக்கு மேலே ஏறிப் போனது.

இரைச்சல் கேட்டு சார் படியேறி ஓடி வரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. கீழே, வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கள அலுவலகத்திலிருந்து. யாரைக் கேட்டு சேகரன் உள்ளே போனான் என்று கத்தினார்கள். பலகையில்தான் சிவப்புப் பட்டை இல்லையே. பக்கத்து மேசைக்காரரும், "டிரைவர் சொல்லாம உள்ள போயிட்டானா?" என்று என்னைக் கேட்டார்.

ஐந்து விநாடி நான் பேசவில்லை. எல்லாம் ஒலிப்பதிவாகிறது, சாயங்காலம் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். ஆகவே நான் பிறகு சொன்னதைப் பெரிய வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அந்த ஐந்து விநாடியில் எனக்கு ஒலிப்பதிவு ஞாபகமே வரவில்லை. வேலை போய்விடும் என்பதுதான் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"சார், டிரைவர் இல்ல. நான்தான் உள்ள விட்டேன். ரெண்டு வண்டிக்கு ஒரு பட்டை போட்டேன்."

சார் என்னைத் திட்டவில்லை. "அந்த மேசைய பக்கத்துல இருக்குறவர்கிட்ட கொடுத்துட்டு ஹெட்செட்ட கழட்டும்மா. நடந்தத எழுதிக் கொடு. வீட்டுக்குப் போ." அதுதான் நடைமுறை. விசாரணை முடியும்வரை மைக்கைத் தொடக்கூடாது. மறுநாள் காலை பஸ் பிடித்து, அடிவார ஊரான தாப்பா வழியாக மலையேறினேன்.

வீட்டில் லீவு என்று சொன்னேன். அம்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். நான்கு நாளில் மூன்று கோழி போயிற்று. ராஜம்மா அத்தை வந்து, "யாரு இப்ப ஏரோப்ளேன் ஓட்டுறது, நீ இங்க இருக்க?" என்று விசாரித்தார். ஒரு விமானம் மேலே போனது. அம்மா அண்ணாந்து பார்த்து, "பாவம், இத யாரு பாத்துக்குறாங்களோ" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஐந்தாம் நாள் அப்பாவின் லோரியில் முன்சீட்டில் உட்கார்ந்து தொழிற்சாலைக்குப் போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். லோரியை ஓரம் கட்டினார்.

"ரெண்டு வண்டிக்கு ரெண்டு சீட்டு போட்டா கை ஒடிஞ்சா போயிரும்?"

"அவசரத்துலப்பா..."

"என்னா அவசரம்? அந்த வண்டியில உக்காந்திருந்தவன் மனுசன்தானே. அவன்கிட்ட பேசினியா?"

பேசவில்லை. விசாரணை, லைசென்ஸ், அம்மா என்று எல்லாவற்றையும் பற்றி நினைத்திருந்தேன். சேகரனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அப்பா என் தகப்பனாக அதைக் கேட்கவில்லை, ஒரு டிரைவராகக் கேட்டார்.

எட்டாம் நாள் ஒரு கார் கொழுந்து நிறுக்கும் கொட்டகை முன்னால் வந்து நின்றது. ஞானம் சார் கதவைத் திறந்தார், நேராகப் போய் வடிகாலில் குனிந்து வாந்தி எடுத்தார். தாப்பா ரோட்டு வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்களை வானத்தில் வளைத்துத் திருப்பியவர், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, "இந்த ரோட்ட போட்டவன எங்கயாச்சும் பாத்தா சொல்லு குணா" என்றார். எட்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். அப்போதுதான் காரின் பின்சீட்டிலிருந்து இன்னொருவர் இறங்கினார். ஒல்லியான ஆள், நாற்பது வயது இருக்கும்.

"வணக்கம் மிஸ்" என்றார். அந்தக் குரல் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சிரிப்பு நின்றுபோனது.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "விசாரணை முடிஞ்சிருச்சி. லைசென்ஸ் இருக்கு. ஒரு மாசம் நான் பின்னால நின்னு பாக்கணும், அவ்வளவுதான். ஆனா சேகரன் உள்ள போக மாட்டேங்குறாரு. நீ மைக்ல இருக்குற நேரம் ரன்வே ஓரத்து மஞ்சக் கோட்டுக்கு வெளியவே நிப்பேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாரு."

"உத்தரவு போட்டா போவாரு இல்லையா சார்?"

"போடலாம். போவாரு. எனக்கு அது வேணாம்லா. நம்பாதவன உள்ள அனுப்பிட்டு நான் எப்படி சாப்பிடுறது? அவர் மாட்டேன்னா நீ முதல் மேசையில உக்காந்து பென்ஷன் வரைக்கும் வழி சொல்லிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். காய்கறி வாங்கப் போவோம்னு சொல்லி கூட்டிட்டு வந்தேன். நீ பேசு."

அதுதான் அவர் பாணி. தானே சமாதானம் செய்து வைக்க மாட்டார். இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, அம்மாவிடம் இஞ்சித் தேநீர் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

கொட்டகைக்குப் பின்னால் நானும் சேகரனும் நின்றோம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எட்டு நாள் தாமதமாகச் சொல்கிறேன், அதற்கும் சேர்த்து மன்னியுங்கள் என்றேன்.

அவர் தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வானம் திடீர்னு இருட்டிருச்சின்னு நெனச்சேன் மிஸ். நிமிந்து பாத்தா டயரு தெரியுது. வண்டியே ஆடிருச்சி. வீட்டுல இன்னும் சொல்லல, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "மன்னிப்பு இருக்கட்டும். எனக்கு ஒன்னு தெரியணும். நான் உள்ள இருக்கேன்னே உங்களுக்குப் பதியலையா, இல்ல தெரிஞ்சிருந்தும் மறந்துட்டீங்களா?"

பதியவில்லை என்று சொன்னால் அது சுலபம். யாருக்கும் வலிக்காது.

"தெரியும் சேகரன். நான்தான் போங்கன்னு சொன்னேன். அப்புறம் மறந்துட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "கோபுரத்துலருந்து நாங்க சின்னதா தெரிவோம்போல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. உள்ளே போவீர்களா என்று கேட்டேன். "யோசிச்சி சொல்றேன் மிஸ்" என்றார்.

அதற்குள் அப்பா வந்து அவரைத் தன் லோரியைக் காட்ட அழைத்துப் போய்விட்டார். இரண்டு டிரைவர்களும் ஒரு மணி நேரம் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை, பிரேக்கைப் பற்றி என்றார். போகும்போது சார் காரை ஓட்டவில்லை. பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். மடியில் இரண்டு கோஸ். சேகரன்தான் ஓட்டினார், வளைவுகளில் மிக மெதுவாக.

வேலைக்குத் திரும்பினேன். சார் ஹெட்செட்டைச் செருகிக்கொண்டு பின்னால் நின்றார். முதல் இரண்டு நாள் ரன்வேக்குள் வந்ததெல்லாம் வேறு டிரைவர்கள். மூன்றாம் நாள் காலை, இறங்கிய ஒரு விமானி, நடு ரன்வேயில் ஏதோ ரப்பர் துண்டு கிடக்கிறது என்றார். வருவது எட்டு மைலில் இருந்தது. யார் பக்கத்தில் இருக்கிறார்களோ வரட்டும் என்று கள அலுவலகத்திடம் சொன்னேன். பிறகு ரேடியோவில் அந்தக் குரல் வந்தது. கோட்டருகில் நிற்கிறேன், உள்ளே போக அனுமதி வேண்டும் என்றார்.

சிவப்புப் பட்டையை முதலில் வைத்தேன். அதில் அவர் வண்டியின் பெயர் மட்டும் இருந்தது. வரும் விமானத்தைச் சுற்றிவிடும்படி அப்ரோச்சிடம் சொன்னேன். பிறகு மைக்கை அழுத்தி, உள்ளே போகலாம் என்றேன். டிரைவர்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு உடனே நகர்வார்கள். சேகரன் திருப்பிச் சொல்லவில்லை. வண்டி கோட்டுக்கு வெளியே நின்றது. நான் மறுபடி சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"உள்ளே போகிறேன்" என்றார் சேகரன்.

முன்சக்கரம் மஞ்சள் கோட்டைத் தாண்டியது. அவர் நடுவில் நிறுத்தி, இறங்கி, குனிந்து, அந்தத் துண்டை எடுத்து வண்டியில் போட்டு, மறுபக்கம் வெளியே போகும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. பதினான்கு வருடத்தில் எத்தனையோ வண்டிகளை உள்ளே விட்டிருக்கிறேன். ஒரு ஆள் என் சொல்லை நம்பி உள்ளே வருவதை அன்றுதான் பார்த்தேன்.